அத்தியாயம் 7: ரூகர் 10/22-க்கு எந்த ஸ்டாக்?

மரக்கட்டைக்கு (ஸ்டாக்) பதிலாக மாட்டும் உலோகச் சட்டமான சேசிஸைக் கடையில் கையில் எடுப்பதற்கு முன், வீட்டில் இருக்கும் துப்பாக்கியை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். எதை வாங்கலாம், எதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை என்பதில் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

இந்த அத்தியாயம் முழுக்க ரூகர் 10/22-ஐ வைத்தே போகிறது. 1964-ல் வெளிவந்த .22 லாங் ரைஃபிள் செமி-ஆட்டோமேட்டிக் அது. பத்துத் தோட்டா கொள்ளும் சுழல் மேகசின்தான் பெயரில் உள்ள 10. அமெரிக்காவில் முதல் ரைஃபிளாக இதை வாங்கியவர்கள் ஏராளம். விற்றது பல பத்து லட்சம் என்பதால் இதற்கு உதிரிப்பாகம் செய்வதே தனித் தொழிலாகிவிட்டது. ரூகர் தொழிற்சாலையில் செய்த ஒரு திருகுகூட இல்லாமல் முழு 10/22-ஐயும் வெளிப் பாகங்களிலேயே கட்டி முடிக்கலாம் என்ற அளவுக்குச் சந்தை பெருத்துக் கிடக்கிறது. ஆள் தடுமாறுவதும் இதனால்தான்.

மற்ற செமி-ஆட்டோக்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏ.ஆர். வகைக்கு சேசிஸ் என்ற கேள்வியே எழாது. அதன் கீழ் ரிசீவரும் பின்குழாயும் சேர்ந்து சேசிஸ் வேலையைத்தான் செய்கின்றன. எம்14-ன் பொதுமக்கள் வடிவமான எம்1ஏ வைத்திருப்பவருக்கு இது பெரிய கேள்வி. .308 தோட்டாவின் உதை மரக்கட்டையில் ஆக்‌ஷன் உட்காரும் இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் பிடிப்பு கொஞ்சம் குறையும். அமெரிக்க ராணுவம் பழைய எம்14-களைத் தூசி தட்டி எடுத்தபோது சேஜ் நிறுவனத்தின் அலுமினிய சேசிஸில் பூட்டியது சும்மா இல்லை. ஆனால் அந்த உருவத்தில் துப்பாக்கி நல்ல கனம் கனக்கும். எஸ்.கே.எஸ்.ஸுக்கு மலிவு சேசிஸ்கள் நிறைய வருகின்றன. அதில் சட்டச் சிக்கல் ஒன்று உண்டு, பின்னால் வருகிறேன்.

கழற்றினால் தெரிவது

மேகசினை எடுங்கள். போல்ட்டை இழுத்து அறையைக் கண்ணால் பாருங்கள், சுண்டு விரலை விட்டும் தடவிப் பாருங்கள். தோட்டா இருக்கும் பெட்டி வேறு அறையில் இருக்கட்டும். இதற்குப் பிறகுதான் திருப்புளி.

ரிசீவரின் முன்பக்கம் அடியில் ஒரே ஒரு திருகு. கார்பைன் மாடலானால் முன்னால் பேரலையும் கட்டையையும் சேர்த்து அணைக்கும் ஒரு வளையம், அதற்கொரு சிறு திருகு. அவ்வளவுதான். இரண்டையும் தளர்த்திவிட்டு, சேஃப்டி பொத்தானை இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் நடுவில் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் பொத்தான் கட்டையின் உள்சுவரில் மாட்டும். ஹேமர் பின்னால் ஏறியிருந்தால்தான் பொத்தான் நகரும். நகராவிட்டால் போல்ட்டை ஒருமுறை இழுத்து விடுங்கள். பிறகு பேரலைப் பிடித்து முன்பக்கத்தை முதலில் தூக்கினால் ஆக்‌ஷன் முழுதாக வெளியே வந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ட்ரிகர் கூட்டைப் பிடிக்கும் இரண்டு குறுக்கு ஊசிகளும், போல்ட் பின்னால் வந்து மோதும் தடித்த ஊசியும் தாமாக நிற்பவை அல்ல. கட்டையின் பக்கச் சுவர்கள்தான் அவற்றை வெளியே வழுக்காமல் வைத்திருக்கின்றன. ஆக்‌ஷனைச் சாய்த்தால் ஊசி தரையில் விழும். விரிப்பின் மேல் வைத்து வேலை செய்யுங்கள். புது ஸ்டாக் தேர்வுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. பக்கச் சுவர் தளர்வாக உள்ள மலிவு ஸ்டாக்கிலோ, பக்கம் திறந்த ‘எலும்புக்கூடு’ சேசிஸிலோ அந்த ஊசிகளை எது பிடிக்கும் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இப்போது வெறும் ஆக்‌ஷனைக் கையில் வைத்துப் பாருங்கள். ரிசீவர் அலுமினியக் கலவை. பேரல் அதில் திருகி ஏற்றப்படவில்லை. வழுக்கிச் செருகி, அடியில் ஒரு வி-வடிவத் துண்டும் இரண்டு ஆலன் திருகுகளும் அதைப் பின்னோக்கி இழுத்துப் பிடிக்கின்றன. ரிசீவரின் பின்புறத்தில் எந்தத் திருகும் இல்லை. ஒற்றை ஆணியில் தொங்கும் நாள்காட்டி மாதிரி, பிடித்த இடத்தில் ஒட்டியிருக்கும், மறுமுனை ஆடும். 10/22-க்கு வரும் எந்த ஸ்டாக்கையும் எடைபோட இந்த ஒரு படம் போதும். அது அந்த ஆட்டத்தை எப்படி நிறுத்துகிறது? பதில் சொல்ல முடியாத ஸ்டாக், எத்தனை துளையும் தண்டவாளமும் வைத்திருந்தாலும், வெறும் அலங்காரம்.

சேசிஸ் என்ன செய்யும், என்ன செய்யாது

அலுமினிய சேசிஸ் என்ற எண்ணத்தைப் பரவலாக்கியதில் பெரிய பங்கு இங்கிலாந்தின் அக்யூரசி இன்டர்நேஷனலுக்கு. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான மால்கம் கூப்பர் 1984, 1988 ஒலிம்பிக்குகளில் 50 மீட்டர் மூன்று நிலை ரைஃபிள் போட்டியில் தங்கம் வென்றவர். மரம் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஆக்‌ஷன் மேல் அழுத்தம் மாறும், குறி நகரும். அலுமினியச் சட்டத்தில் ஆக்‌ஷனைப் பூட்டி, கையும் கன்னமும் படும் இடத்துக்கு மட்டும் பிளாஸ்டிக்கை ஒட்டினால் அந்தத் தொல்லை தீர்ந்தது. அவர்கள் செய்தது போல்ட்-ஆக்‌ஷன் ரைஃபிளுக்கு.

அதே தீர்வை .22 செமி-ஆட்டோவுக்கு அப்படியே கொண்டுவந்தால் அதே பலன் வராது. .22-ல் உதை சொற்பம். உதையால் ஆக்‌ஷன் நகரும் பிரச்சினை இங்கே பெரிதில்லை. மேலும், 10/22-ல் குறியைத் தீர்மானிப்பவற்றில் ஸ்டாக் மூன்றாவது இடத்துக்கு மேல் வராது என்பது என் கணக்கு. முதலில் தோட்டா, அடுத்து பேரல். அதற்குப் பிறகுதான் ட்ரிகரும் ஸ்டாக்கும். “அண்ணே, இதை மாட்டினா குரூப் சின்னதாகுமா?” என்று ரேஞ்சில் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் நாலைந்து வகைத் தோட்டாக்களை வாங்கி, அதே பழைய கட்டையோடு, மூட்டையில் சாய்த்து 50 கஜத்தில் சுட்டுப் பாருங்கள். வகைக்கு வகை குரூப் எப்படி விரிகிறது, சுருங்குகிறது என்று பார்த்த பிறகு சேசிஸ் ஆசை பலருக்குக் கொஞ்சம் ஆறிவிடும்.

அப்படியானால் ஸ்டாக் எதற்கு? சரியான ஸ்டாக் உங்கள் உடம்பைத் துப்பாக்கிக்குப் பின்னால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் கொண்டுபோய் வைக்கும். ஆக்‌ஷனைத் தேவையில்லாமல் முறுக்காது. இந்த இரண்டும் கிடைத்தால் காசு வீணில்லை.

முறுக்குகிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. துப்பாக்கி காலியாக இருக்கிறது என்று மறுபடி உறுதி செய்துகொண்டு, நிமிர்த்திப் பிடியுங்கள். ஸ்டாக்கின் முன் நுனியும் பேரலும் சந்திக்கும் இடத்தில் விரலை இரண்டின் மேலும் படும்படி வையுங்கள். மறு கையால் ஆக்‌ஷன் திருகை மெதுவாகத் தளர்த்தி மறுபடி இறுக்குங்கள். இறுக்கும்போது பேரல் விரலுக்கடியில் நகர்வது தெரிந்தால், திருகு ஆக்‌ஷனை வளைத்து உட்கார வைக்கிறது என்று பொருள். கார்பைனின் முன் வளையத்தோடும், வளையத்தைக் கழற்றியும் இதைச் செய்து பாருங்கள். பேரலை அந்த வளையம் எவ்வளவு அழுத்துகிறது என்பது கைக்கே புரியும்.

அடுத்தது பேரலை மிதக்க விடுவதா, தாங்குவதா என்ற வாக்குவாதம். போல்ட்-ஆக்‌ஷன்காரர்கள் பேரலை எதுவும் தொடக்கூடாது என்பார்கள். ஒரு டாலர் நோட்டை பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே விட்டு ரிசீவர் வரைக்கும் இழுத்துப் பார்ப்பார்கள். தடையில்லாமல் போனால் திருப்தி. 10/22-ல் அது அவ்வளவு நேராக இல்லை. .920 அங்குலத் தடிமனுள்ள கனத்த பேரலை முழுக்க மிதக்க விட்டால், அதன் பாரம் முழுவதும் அந்த வி-துண்டிலும் அலுமினிய ரிசீவரின் முன்வாயிலும் வந்து உட்காரும். பேரல் மெல்லக் கீழே சாயும். ஸ்கோப்பில் மேல் திருப்பம் போதாமல் போவது இதன் ஓர் அறிகுறி. அதனால் கனத்த பேரலுக்கு, ரிசீவரை ஒட்டிய முதல் ஓரிரு அங்குலத்தில் அடியிலிருந்து தாங்கும் ஸ்டாக்கோ, முன்னால் ஒரு சிறு மெத்தை வைத்த ஸ்டாக்கோ நல்லது. மெல்லிய தொழிற்சாலை பேரலுக்கு மிதப்பே போதும். இரண்டில் உங்கள் துப்பாக்கிக்கு எது பிடிக்கிறது என்பதைச் சோதித்துத்தான் அறிய முடியும். இதில் சண்டை போடுகிறவர்கள் இரு தரப்பும் தத்தம் துப்பாக்கியைப் பற்றி உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

பணம் தாராளமாக இருந்தால், பின்புறமும் ஒரு திருகு ஏறும்படி செய்த வெளி ரிசீவர்கள் கிடைக்கின்றன. அதற்கேற்ற ஸ்டாக் வேண்டும். ஆனால் அமெரிக்கச் சட்டப்படி ரிசீவர்தான் துப்பாக்கி; அதை வாங்குவது ஒரு புதுத் துப்பாக்கி வாங்குவதற்குச் சமம். உரிமம் பெற்ற கடை, படிவம், பின்னணிச் சோதனை எல்லாம் உண்டு. ஸ்டாக்குக்கு இது எதுவும் இல்லை, சாதாரணப் பொருளாகக் கையில் வாங்கலாம்.

உடம்புக்கு அளவெடுத்தல்

தொழிற்சாலை கார்பைனில் ட்ரிகரிலிருந்து தோளில் படும் முனைவரை 13.5 அங்குலம். இதுதான் ‘லெங்த் ஆஃப் புல்’. சராசரி அமெரிக்க ஆணை மனத்தில் வைத்துப் போட்ட அளவு. நம்மவர்களில் ஐந்தடி இரண்டு அங்குலம் உள்ள ஒருவர் இதைத் தூக்கினால், கழுத்தை முன்னால் நீட்டி, முதுகைப் பின்னால் சாய்த்து, வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்பார். ரேஞ்சில் புதிதாக வரும் பெண்களிடமும் பிள்ளைகளிடமும் இந்த நிலையைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். அவர்களுக்குப் பழக்கம் போதவில்லை என்று சொல்லிவிடுவார்கள். கட்டை நீளம் என்று யாரும் சொல்வதில்லை.

அளவு பார்க்கும் முறை: காலித் துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு தோளில் வையுங்கள். கன்னத்தை இயல்பாக இறக்குங்கள். இப்போது கண்ணைத் திறந்தால் ஸ்கோப்பில் முழு வட்டமும் கறுப்பு விளிம்பில்லாமல் தெரிய வேண்டும். தலையை முன்னே நீட்டினால்தான் தெரிகிறது என்றால் நீளம் அதிகம், அல்லது ஸ்கோப் முன்னால் போயிருக்கிறது. தலையைத் தூக்கினால்தான் தெரிகிறது என்றால் கன்னமேடு தாழ்வு. குளிர்கால மேலங்கி போட்டுச் சுடுபவர்கள் அந்த அங்கியோடே பார்க்க வேண்டும். மிச்சிகனில் ஜனவரியில் சுடுபவருக்கும் டெக்சஸில் ஜூலையில் சுடுபவருக்கும் ஒரே ஆளாக இருந்தாலும் அளவு வேறு.

கன்னமேட்டு உயரத்தைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. பழைய 10/22 கட்டை, பேரல் மேல் உள்ள இரும்புக் குறிகளுக்காக வளைத்துச் செதுக்கியது. அதன் மேல் ஸ்கோப்பை ஏற்றியவுடன் கண் ஓர் அங்குலமாவது உயர வேண்டியிருக்கிறது. கன்னம் காற்றில் நிற்கிறது, தாடைதான் கட்டையைத் தொடுகிறது. .22-க்கான ஸ்கோப்கள் பல 50 கஜத்துக்குப் பேரலாக்ஸ் சரிசெய்து வருபவை. மற்ற தூரங்களில் கண் மையத்தை விட்டு விலகினால் குறிப்புள்ளி இலக்கின் மேல் நகரும். சுட்டவருக்குக் கை ஆடியதாகத் தோன்றும். கன்னம் ஒரே இடத்தில் பதிந்தால் இந்தப் பிழை பெருமளவு போய்விடும். ஆக, உயரம் மாற்றக்கூடிய கன்னமேடுதான் நான் காசு கொடுக்கச் சொல்லும் முதல் வசதி. மற்றவை அதற்குப் பிறகு.

ஏ.ஆர். பாணியில் பின்குழாயும் நீண்டு சுருங்கும் பட்டும் (தோளில் படும் பின்பாகம்) வைத்த சேசிஸ்களில் இதற்கு நேர்மாறான தொல்லை வரும். அங்கே பின்குழாய் பேரலின் நேர்க்கோட்டுக்கு அருகிலேயே ஓடும். கன்னம் ஏற்கெனவே உயரமாக நிற்கும். தாழ்வான வளையத்தில் பூட்டிய உங்கள் பழைய ஸ்கோப்பைப் பார்க்கக் கழுத்தை நசுக்க வேண்டியிருக்கும். உயரமான மவுண்ட் வாங்கச் செலவு தனி. பின்குழாயிலும் மில்-ஸ்பெக், கமர்ஷியல் என்று இரண்டு விட்டங்கள் உள்ளன. ஒன்றின் பட் மற்றதில் சரியாக உட்காராது. சேசிஸ் விலையை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் பட், பிடி, மவுண்ட் என்று பட்டியல் நீளும். சேசிஸ் ஒன்றே துப்பாக்கியின் விலையைத் தாண்டுவதும் உண்டு.

பிடியின் சாய்வு கை அளவைப் பொறுத்தது. செங்குத்தான பிடியில் மணிக்கட்டு நேராக நிற்கும், படுத்துச் சுடுபவருக்கும் தடுப்பின் மேல் வைத்துச் சுடுபவருக்கும் சுகம். ஆனால் 10/22-ன் சேஃப்டி ட்ரிகர் காப்பின் முன்னால் குறுக்கே தள்ளும் பொத்தான், ஏ.ஆர்.-இல் போலக் கட்டைவிரலுக்குக் கீழே வராது. செங்குத்துப் பிடியில் அதைத் தள்ளச் சிறு கைக்காரர்கள் பிடியையே தளர்த்த வேண்டிவரும். கடையில் இதை மட்டும் பத்து தடவை செய்து பாருங்கள்.

எந்த ஆட்டத்துக்கு

புராஜெக்ட் ஆப்பிள்சீட் பயிற்சிக்குப் போகிறவர் என்றால் சேசிஸே வேண்டாம் என்பேன். அங்கே துப்பாக்கியின் பட்டையை (ஸ்லிங்) கையில் முறுக்கி, படுத்தும் உட்கார்ந்தும் நின்றும் சுட வேண்டும். தேவை: உறுதியான பட்டை வளையம், நீளம் சரியான கட்டை, எளிதில் எட்டும் மேகசின் நெம்புகோல். பட்டையை இறுக்கும்போது முன்கட்டை வளைந்து பேரலைத் தொட்டால் குறி மாறும். மெல்லிய பிளாஸ்டிக் கட்டைகளின் பலவீனம் இதுதான். வாங்கும் முன் முன்கட்டையைக் கையால் பேரலை நோக்கி அழுத்திப் பாருங்கள்; தொட்டால் கீழே வைத்துவிடுங்கள்.

ஸ்டீல் சேலஞ்ச் நேர்மாறு. எட்டு நிலைகள், நிலைக்கு ஐந்து இரும்புத் தட்டுகள், கடிகாரத்தோடு போட்டி. ஒரு தட்டிலிருந்து அடுத்ததற்குத் துப்பாக்கி பறக்க வேண்டும், கனம் எதிரி. அங்கே வெல்பவர்கள் எடையை அவுன்ஸ் அவுன்ஸாகக் குறைக்கிறார்கள். கனத்த அலுமினிய சேசிஸோடு அங்கே போய் நின்றால் அழகாக இருக்கும், நேரம் மட்டும் வராது.

என்.ஆர்.எல்.22 போன்ற தடுப்புப் போட்டிகளில்தான் உலோக சேசிஸ் தன் காசுக்கு உழைக்கிறது. ஏணிப் படி, தொட்டி விளிம்பு, கம்பி என்று கண்ட இடத்தில் முன்கட்டையை வைத்து 100 கஜம்வரை சுட வேண்டும். தட்டையான அகலமான அடிப்பாகம், மூட்டையையும் முக்காலியையும் கடித்துக்கொள்ளும் ஆர்க்கா தண்டவாளம், முன்னால் எடை சேர்க்க இடம் எல்லாம் பயன்படும். அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் போல்ட்-ஆக்‌ஷன்காரர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அணில் வேட்டைக்கு, காட்டில் நாள் முழுக்கத் தூக்கி நடக்க, தொழிற்சாலை கார்பைன் சுமார் ஐந்து பவுண்ட். அதை மாற்றாதீர்கள்.

மரம், பிளாஸ்டிக், உலோகம்

பழைய 10/22-கள் வால்நட் கட்டையில் வந்தன. பிறகு பிர்ச்சுக்கும் பிளாஸ்டிக்குக்கும் மாறின. மெல்லிய பலகைகளைப் பசையிட்டு அழுத்திச் செய்த லாமினேட் கட்டை, ஒற்றை மரத்தைவிட ஈரத்துக்கு அசையாது. தென் டகோட்டாவின் பாய்ட்ஸ் இதில் பேர்பெற்றது. நீளமும் கன்னமேடும் பொத்தானில் மாறும் ரகமும் அவர்களிடம் உண்டு. கை பட்டால் இதமாக இருக்கும், கனமும் கொஞ்சம் கூடும்.

பிளாஸ்டிக்கில் மேக்பூலின் ஹன்டர் எக்ஸ்-22 பலருக்கும் போதுமான பதில். இடைத்தகடுகளைச் சேர்த்து நீக்கி நீளத்தை மாற்றலாம். உள்ளே இருக்கும் பேரல் தட்டைத் திருப்பிப் போட்டால் மெல்லிய பேரலுக்கும் .920 பேரலுக்கும் பொருந்தும். முன்கட்டை விறைப்பானது. கன்னமேட்டை உயர்த்தும் துண்டு தனியாக வாங்க வேண்டும். இதற்கு மேல் உலோக சேசிஸுக்குப் போவதென்றால், ‘ஏன்’ என்ற கேள்விக்கு ஒரு போட்டியின் பெயரைப் பதிலாகச் சொல்ல முடிய வேண்டும். “பார்க்க நல்லா இருக்கு” என்பதும் பதில்தான், குற்றமில்லை. ஆனால் அதைத் துல்லியம் என்ற பெயரில் உங்களுக்கே விற்றுக்கொள்ளாதீர்கள்.

வாங்கும்போது மாடலைச் சரிபாருங்கள். 2012-ல் வந்த டேக்டவுன் மாடலில் பேரல் தனியாகக் கழலும். சாதாரண ஸ்டாக் அதற்கு ஆகாது. ரிசீவரின் பின்னால் துப்புரவுக் கம்பி நுழையத் துளை உள்ள மாடலானால், புது ஸ்டாக் அதை மறைக்கிறதா என்று பாருங்கள். ரிசீவரை முழுக்க மூடும் ‘ஓடு’ வகை சேசிஸ்களில், சுத்தம் செய்ய ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும்; .22-ன் கரியும் மெழுகும் தெரிந்தவர்கள் அதை இரண்டு தடவைக்கு மேல் பொறுக்க மாட்டார்கள்.

சட்டம்

எச்-1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாமல், அமெரிக்காவில் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. ஸ்டாக் கேள்வி அதற்குப் பிறகுதான். பச்சை அட்டைக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை.

1934-ன் கூட்டரசுச் சட்டப்படி ரைஃபிளின் பேரல் 16 அங்குலத்துக்கும், மொத்த நீளம் 26 அங்குலத்துக்கும் குறையக் கூடாது. மடங்கும் ஸ்டாக் இருந்தால் விரித்த நிலையில் அளப்பார்கள். 18.5 அங்குல கார்பைன் பேரலோடு இதில் தவறுவது கடினம். தவறு நடப்பது சார்ஜரில். 10/22-ன் கைத்துப்பாக்கி வடிவமான அதற்கு 10 அங்குலப் பேரல். ஆக்‌ஷன் ஒன்றேதான் என்பதால் ரைஃபிள் ஸ்டாக் அதில் அழகாக உட்கார்ந்துவிடும். கூட்டரசு அனுமதி முன்கூட்டிப் பெறாமல் அதை மாட்டிய கணமே பதிவில்லாத குட்டை ரைஃபிள் ஆகிவிடும், பத்தாண்டுவரை சிறை. சார்ஜரும் ரைஃபிள் ஸ்டாக்கும் ஒரே வீட்டில் இருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

மாநிலச் சட்டங்கள் வேறு உலகம். கலிபோர்னியாவில் பிஸ்டல் பிடி, கட்டைவிரல் துளை, மடங்கும் ஸ்டாக் ஆகியவற்றைப் பட்டியலிடும் தடை சென்டர்ஃபயர் செமி-ஆட்டோக்களைக் குறித்தது. ரிம்ஃபயரான 10/22 அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. நியூயார்க்கின் 2013 சட்டத்தில் அந்தப் பாகுபாடு இல்லை. கழலும் மேகசினோடு இப்படி ஒரே ஓர் அம்சம் சேர்ந்தாலும் போதும், .22-உம் மாட்டும். ஒரே சேசிஸ் ஓரிடத்தில் விளையாட்டுப் பொருள், மற்றோரிடத்தில் குற்றம். பிரிட்டனில் 1988-க்குப் பிறகு தனியாருக்கு மிச்சமிருக்கும் செமி-ஆட்டோ ரைஃபிள் .22 ரிம்ஃபயர் மட்டுமே. அங்கே குறைந்தபட்ச நீளமான 60 சென்டிமீட்டரை அளக்கும்போது மடங்கும், கழலும், நகரும் பின்பாகத்தைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். அமெரிக்க முறைக்கு நேர் எதிர். லண்டன் உறவினர் அமெரிக்க வீடியோவைப் பார்த்து மடக்கு சேசிஸ் வரவழைக்க நினைத்தால் முதலில் அளவுநாடாவை எடுக்கச் சொல்லுங்கள்.

எஸ்.கே.எஸ். விஷயம்: இறக்குமதி செமி-ஆட்டோ ரைஃபிளில் பிஸ்டல் பிடி போன்ற அம்சங்களைச் சேர்த்தால், சட்டம் பட்டியலிட்ட இருபது பாகங்களில் வெளிநாட்டில் செய்தவை பத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஸ்டாக்கும் அந்த இருபதில் ஒன்று. அமெரிக்காவில் செய்யப்படும் 10/22-க்கு இந்தக் கணக்குத் தேவையில்லை.

ஊருக்குப் போகும்போது சேசிஸையோ மேகசினையோ பெட்டியில் போட்டு எடுத்துச் செல்லாதீர்கள். இந்திய ஆயுதச் சட்டத்தில் பாகமும் ஆயுதம்தான். பைமூலையில் மறந்து கிடந்த ஒரு தோட்டாவுக்கே விமான நிலையத்தில் வழக்குப் போடுகிறார்கள்.

மாட்டியபின்

ஆக்‌ஷனின் பின்பக்கத்தை முதலில் இறக்கி, பிறகு முன்பக்கத்தை அமுக்குங்கள். சேஃப்டி நடுவில் இருக்கட்டும். முழுதாக உட்கார்ந்த பிறகு திருகை விரலால் பிடிக்கும்வரை சுற்றி, ரிசீவரைப் பின்னோக்கி அழுத்திப் பிடித்தபடி இறுக்குங்கள். அளவு ஸ்டாக் செய்தவரின் கையேட்டில் இருக்கும். இல்லாவிட்டால் 10/22-க்குப் பொதுவாகச் சொல்லப்படும் 15 முதல் 20 இஞ்ச்-பவுண்டில் தொடங்கலாம். இதற்கென்று சிறு டார்க் ரென்ச் வாங்குங்கள். கையால் ‘நல்லா டைட்டா’ இறுக்கினால், ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் குறி வேறு இடத்தில் விழும்.

மேகசினைச் செருகி எடுத்துப் பாருங்கள். நெம்புகோல் முழு நீளத்துக்கும் நகர வேண்டும். போல்ட் கைப்பிடி ஸ்டாக்கின் எந்த விளிம்பையும் உரசக் கூடாது. உரசினால் சுடும்போது தோட்டா சிக்கும், தோட்டாவின் மேல் பழி விழும். சேஃப்டி இரு பக்கமும் ‘டக்’கென்று போய் நிற்கிறதா, காலித் துப்பாக்கியில் அது பூட்டிய நிலையில் ட்ரிகர் இழுபடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இவை முடியாமல் ரேஞ்சுக்குப் போக வேண்டாம்.

ரேஞ்சில் பழைய ஜீரோவை நம்பாதீர்கள். 25 கஜத்தில் தொடங்கி 50-க்குப் போங்கள், முன்பு சோதித்த அதே தோட்டாவோடு. ஐந்தைந்தாகப் பல குரூப் சுட்டு, பழைய கட்டையில் சுட்ட தாள்களுக்குப் பக்கத்தில் வையுங்கள். வித்தியாசம் இல்லையென்றால் திருகை இரண்டு இஞ்ச்-பவுண்ட் கூட்டியும் குறைத்தும் ஒரு சுற்றுப் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் ஸ்டாக் உங்கள் தோளுக்குச் சுகமாக இருக்கிறதா என்பது ஒன்றே மிச்சமுள்ள கேள்வி. இல்லையென்றால் பல கடைகள் கீறலில்லாத ஸ்டாக்கைக் குறிப்பிட்ட நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொள்ளும், பெட்டியை எறிந்துவிடாதீர்கள்.

கழற்றிய பழைய கட்டையையும் விற்க வேண்டாம். அதற்குக் கிடைக்கும் பணம் சொற்பம். டெக்சஸிலிருந்து நியூயார்க்குக்கு வேலை மாறினால், எல்லையைத் தாண்டுவதற்கு முன் மடக்கு சேசிஸைக் கழற்றி அந்தக் கட்டையை மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். முன் வளையம், அதன் சிறு திருகு, பட்டின் தகடு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கட்டையோடு கட்டி வையுங்கள்.